ஒன்பதாம் வரி

எஸ்பி ரோட்டில் ஆறாயிரத்துக்கு வாங்கிய லேப்டாப்.
ஃபேன் சத்தம் மிக்ஸியை மிஞ்சும்.
திரை தானாக நிற்காது,
பருப்பு டப்பாவை முட்டுக்கொடுத்திருக்கிறேன்.
லிங்கராஜபுரத்தில் மணி பதினொன்றேகால்.
மேம்பாலத்துக்கு அடியில் ஏதோ ஒரு ரயில்
போக மனமில்லாமல் போகிறது.

பன்னிரண்டு பெண்கள், மாதம் இரண்டாயிரம்.
சீட்டுக் கணக்கை இனி நோட்டில் எழுதுவதில்லையென்று
நான்தான் சபதம் போட்டேன்.
நோட்டு என்றால் அடித்தல், திருத்தல்,
"அன்னிக்கே குடுத்தேனே அக்கா."
மெஷின் என்றால் மெஷின்.
பகலெல்லாம் லேபில்
ரத்தக் குப்பிகளுக்குப் பெயர் ஒட்டுகிறவள் நான்.
ஓர் எழுத்து பிசகினால்
ஒருத்தியின் சர்க்கரை இன்னொருத்திக்கு ஏறிவிடும்.
எனக்கா இது வராது?

வரவில்லை.

பிழை என்கிறது. ஒன்பதாம் வரி.
சின்னக் கூரை மாதிரி ஒரு குறி
ஷமீம்தாஜ் என்ற பெயருக்கு அடியில்
விரல் நீட்டிக்கொண்டு நிற்கிறது.

பெயரை அழித்து மறுபடி அடித்தேன்.
மேற்கோள் குறி இரண்டு பக்கமும் இருக்கிறது.
முக்காற்புள்ளி இருக்கிறது.
தொகை இருக்கிறது, நோட்டில் உள்ளபடி.
'ஷ' ஆகவில்லையோ என்று 'ச' போட்டேன்.
இங்கிலீஷில் அடித்தேன்.
கடைசியில் அவளையே தூக்கிவிட்டு ஓட்டினேன்.
பிழை. ஒன்பதாம் வரி.
இப்போது அங்கே இருந்தவள் நாகரத்னா.

அப்புறம்தான் எட்டாம் வரிக்குக் கண் போனது.
லூர்துகனி, முக்காற்புள்ளி, பன்னிரண்டாயிரம்,
அதற்குப் பிறகு
ஒரு காற்புள்ளி விழ வேண்டிய இடத்தில்
வெறும் வெள்ளை.

எட்டாம் வரியில் மெஷினுக்குச் சந்தேகமே வரவில்லை.
இன்னும் ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்தது.
வந்தவள் ஷமீம்தாஜ்.
யார் மேல் இடித்துக்கொண்டதோ
அவளை மட்டும்தான் அதற்குத் தெரியும்.

ஏப்ரல் சீட்டில் ஐந்நூறு குறைந்தது.
கவர் கைமாறிக் கைமாறி வந்து
ஷமீம்தாஜ் எண்ணும்போதுதான் தெரிந்தது.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
எல்லோரும் அவள் கைப்பையைப் பார்த்தோம்.
நானும்.
பையைத் திறந்து ஐந்நூறை எடுத்து வைத்தாள்.
"கணக்கு சரியாயிடுச்சா?"
டீ ஆறிக்கொண்டிருந்தது, போய்விட்டாள்.

மே மாதம் லூர்துகனி சிரித்துக்கொண்டே சொன்னாள்,
"பீரோ பேப்பருக்கு அடியில ஐந்நூறு கெடந்துச்சு,
சீட்டுக் காசுல விட்டுப்போச்சு போல."
நான் வரவு எழுதினேன்.
எழுதியதோடு சரி.

காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை நிறுத்து
என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள்.
ஒரு மாத்திரை என்றால் கண் இமைக்கும் நேரம்.
எட்டாவது கவரில் அவ்வளவு நேரம்கூட
எங்களில் யாரும் நிற்கவில்லை.

தூக்கியவளைத் திரும்ப அவள் இடத்தில் வைத்தேன்,
ஷ போட்டு, முழுப் பெயராக.
காற்புள்ளியைத் தட்டினேன். ஓட்டினேன்.
ஃபேன் ஒருமுறை பெருமூச்சு விட்டது.
பன்னிரண்டு பெயர்களும் வரிசையாக இறங்கின,
பக்கத்தில் அவரவர் பாக்கி.
பூஜ்யம், பூஜ்யம், அற்புதமேரி இரண்டாயிரம்
(தெரிந்ததுதான், மகனுக்கு ஃபீஸ்),
பூஜ்யம்,
ஷமீம்தாஜ், மைனஸ் ஐந்நூறு.

மைனஸா?
இது என்ன புதுப் பிழை என்று
கழித்தலைப் பார்த்தேன், மாதங்களை விரல் விட்டேன்,
அவள் கட்டிய தொகையை மறுபடி கூட்டினேன்.
மூன்று தடவை ஓட்டினேன்.
மூன்று தடவையும் அதையே சொன்னது,
எந்த வரியையும் குறை சொல்லாமல்.

டப்பாவை எடுத்ததும்
திரை தானாக மூடிக்கொண்டது.

காலை ஐந்தரைக்குக் காவேரித் தண்ணீர் வரும்.
எப்போதும் அவள் குடம் எனக்கு முந்தி நிற்கும்.
ஐந்நூறு ரூபாயை நாலாக மடித்து வைத்திருக்கிறேன்.
நைட்டியில் பை கிடையாது.
கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்,
எல்லோரும் பார்க்க.